சிவப்பு வில்லை ஆடுகள்

"அந்த ஆளை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பணும் சார். இல்லைன்னா நான் போயிடறேன்."

மருந்து பாட்டிலைத் துறைத்தலைவரின் மேசைமேல் ணங்கென்று வைத்தாள். கூடவே எழுதிக்கொண்டு வந்திருந்த புகாரையும் வைத்தாள்.

கால்நடைக் கல்லூரியில் ஒட்டுண்ணிப் பாடத்துக்கு ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர் அவள். முனைவர் பட்டம் வாங்கினால்தான் நிரந்தர வேலை. அதற்காக மூன்று வருடமாக ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து, வடிகட்டி, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துப் புழு முட்டை எண்ணுகிறாள்.

"அவங்கவங்க மருமகளுங்க நகையை எண்ணுறாங்க. என் மருமக முட்டை எண்ணுறா, அதுவும் எதுல இருந்து" என்று மாமியார் சொல்லாத நாள் கிடையாது.

"யாரு, நம்ம ஆட்டுக் கொட்டகைக்காரனையா?" என்றார் துறைத்தலைவர். "இருபத்தஞ்சு வருஷமா இருக்கான். தும்மல் சத்தத்தை வெச்சே எந்த ஆடுன்னு சொல்லுவானே."

"அந்தப் பாசம்தான் சார் என் குடியைக் கெடுத்துடுச்சு. என் ஆராய்ச்சிக்குப் பதினாறு ஆடு. காதுல மஞ்சள் வில்லை போட்ட எட்டுக்கும் புதுப் புழு மருந்து. சிவப்பு வில்லை எட்டுக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. இதுங்க வயித்துல புழு அப்படியே இருந்தாத்தானே, அதுங்களுக்கு மருந்தாலதான் போச்சுன்னு காட்ட முடியும்?"

"எனக்கே பாடம் எடுக்காதே. மேலே சொல்லு."

"ரெண்டு மாசமா சிவப்பு வில்லையிலயும் ஒரு முட்டை இல்லை. என் கண்ணுலதான் கோளாறுன்னு கண்ணாடியைக்கூட மாத்தினேன். அப்புறம் சந்தேகம் வந்து, மஞ்சள் வில்லைக்குக் குடுத்து முடிச்சதும் பாட்டில்ல பேனாவால கோடு போட்டேன். கோடு இங்கே, மருந்து எங்கே, நீங்களே பாருங்க."

பார்த்தார். மருந்து கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

"காலையில சீக்கிரமே வந்து தீவனக் கட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னேன். சிவப்பு வில்லை ஆட்டை மடியில சாய்ச்சு, பச்சைப் பிள்ளைக்குப் புகட்டுற மாதிரி புகட்டுறாரு சார். கேட்டா, 'இதுங்க மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு'ன்னு என்னையே கேக்குறாரு."

அடுத்த மாதம் அவள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் நேர்முகத் தேர்வுக்குப் போகவே முடியாது.

துறைத்தலைவருக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? ஆராய்ச்சியில் அவர் அவ்வளவு கறார். சுவரில் பதக்கத்தோடு சிரிக்கும் படமே சாட்சி. இருபது வருடத்துக்கு முன் ஆறு ஆட்டுக்கு வெறும் இலைப்பொடியைத் தின்னக் கொடுத்து, வயிற்றுப் புழுவை ஒன்று விடாமல் விரட்டிக் காட்டியவர். பதக்கம், பதவி, உட்கார்ந்திருக்கும் சுழல் நாற்காலி எல்லாம் அந்த ஒரு கண்டுபிடிப்பில் வந்தவை. மாணவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரே 'இலைப்பொடி'.

"என் ஆராய்ச்சியில இப்படி ஒரு சொட்டு சிந்தியிருக்குமா? அதனாலதான் இன்னைக்கும் நிக்குது. கூப்பிடு அவனை."

கொட்டகைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தலையில் இரண்டு வைக்கோல் துரும்பு.

"உள்ளே வாடா. நீ வெளியே இரும்மா."

கதவு சாத்திக்கொண்டது. அப்படியும் துறைத்தலைவரின் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"மூட்டையைக் கட்டு. ஓய்வூதியமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அவளுக்குத் திக்கென்றது. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம்தான் மனிதருக்கு. ஆத்திரத்தில் கொளுத்திப் போட்டுவிட்டோமோ? அடுத்த வேளைச் சோற்றுக்கு அவர் எங்கே போவார்? அவர் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றினால் அது நம் பிள்ளைகளைத்தானே தாக்கும்?

உள்ளே கொட்டகைக்காரர் ஏதோ முணுமுணுத்தார். அதற்கப்புறம் சத்தமே இல்லை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் துறைத்தலைவரே வந்து கதவைத் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"பாவம்மா அவர். வாயில்லா ஜீவன்மேல இரக்கப்பட்டது ஒரு குத்தமா? ஆராய்ச்சி இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு. மனுஷ மனசுதான் முக்கியம்."

"சார், என் பட்டம்..."

"உனக்கு ஆறு மாசம் அவகாசம் நானே எழுதித் தரேன். வேற பண்ணையில ஆடும் ஏற்பாடு பண்றேன். நேர்முகத் தேர்வைத் தள்ளிவைக்கவும் பேசறேன். ஆனா இந்தப் பேச்சு நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது."

அவள் கொடுத்த புகாரை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரையா இத்தனை நாள் இலைப்பொடி, இலைப்பொடி என்று கேலி பேசினோம்?

ஓட்டமும் நடையுமாகப் போய்க் கொட்டகை வாசலில் கொட்டகைக்காரரைப் பிடித்தாள்.

"ஐயா, காலையில பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். ஆனா சாருக்கு எவ்வளவு பெரிய மனசு, பார்த்தீங்களா?"

"எனக்கும் அதுதாம்மா ஆச்சரியமா இருக்கு" என்றார் அவர், தலையிலிருந்த துரும்பைத் தட்டிக்கொண்டே. "முதல்ல எரிஞ்சுதான் விழுந்தாரு. நான் நடந்ததைத்தான் சொன்னேன். 'ஐயா, இது இன்னைக்கு நேத்துப் பழக்கம் இல்லீங்க. நீங்க இலைப்பொடி குடுத்த ஆறு ஆடும் எலும்பும் தோலுமா நின்னப்பவும், மனசு கேக்காம நான்தான் திருட்டுத்தனமா புழு மருந்து ஊத்தினேன்'னு சொன்னேன். அவ்வளவுதான்மா. எழுந்திரிச்சு, அந்தச் சுத்துற நாற்காலியை என் பக்கம் தள்ளி, 'உக்காருங்க'ன்னுட்டாரு."