டாக்டர் நுழையாத அறை

"டாக்டர் உள்ளே வந்தா நான் எழுந்து போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்!"

லோசலினே கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தீவு வழக்கப்படி உடைமேல் இடுப்பில் சுற்றியிருந்த பாயை அவிழ்த்து மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நர்ஸ் ஹெதர் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் வைத்தபடி நின்றாள். ஆஸ்திரேலியாவிலிருந்து டோங்காவின் இந்தச் சின்னத் தீவுக்கு அவள் வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர்.

"ரத்தம் படுதுன்னு சொன்னீங்களே, எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. புருஷன் பக்கத்துல வந்தா மறுநாள் துணியெல்லாம் கறை. அந்த மனுஷன் பயந்துபோய் இப்போ படகுலயே படுத்துக்கிறான்."

பெரிதாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புத்துநோயா இருக்குமா நர்ஸம்மா?"

"பார்க்காம எப்படிச் சொல்றது? டாக்டரைக் கூப்பிடுறேன்."

"அவர் வேண்டாம். நீ பாரு."

ஹெதர் விளக்கைத் திருப்பிவைத்துப் பார்த்தாள். கர்ப்பப்பை வாயிலிருந்து மெல்லிய காம்பில் ஒரு சதைத் துணுக்கு தொங்கியது. சிவப்பாக, வழவழப்பாக, மொச்சைக்கொட்டை அளவில். தொட்டதும் லேசாக ரத்தம் கசிந்தது. பாலிப் என்கிற சதை வளர்ச்சிதான். ஆனாலும் டாக்டர் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.

அவள் டாக்டர் ஃபெலெட்டியின் அறைக்குப் போனாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், லோசலினேன்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. அவங்களுக்கு..."

"நிறுத்துங்க!" கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். காது சிவந்துவிட்டது. "அவங்களைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"நீங்க வந்து பார்த்தா..."

"பார்க்க மாட்டேன். இந்த மூணு மாசமா ஒவ்வொண்ணையும் உங்க கையாலயே செய்ய வெச்சேனே, தெரியாதா உங்களுக்கு? சந்தேகம் வந்தா தலைநகர்ல இருக்கிற டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க."

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டிக் கடற்கரைப் பக்கம் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

ஹெதருக்கு ஆத்திரமாக வந்தது. முதல் வாரத்திலிருந்தே இப்படித்தான். 'நீங்க செய்யுங்க' என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பார். சோம்பேறி என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் ஈரமும் இல்லை.

திரும்பி வந்து கேட்டாள். "உங்களுக்கும் டாக்டருக்கும் என்ன தகராறு?"

"தகராறா?" லோசலினே கூரையைப் பார்த்தாள். "ஒரே ரூம்ல உட்கார்ந்து பேசி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

பழைய காதல்! ஹெதருக்குச் சட்டென்று புரிந்தது. அவள் பிறந்த சிற்றூரிலும் ஒரே தேவாலயத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்காரும் இரண்டு பேர் உண்டு.

"கப்பலேறித் தலைநகருக்கே போயிடுறீங்களா?"

"எங்க பெரியம்மா அப்படித்தான் போனா, சவப்பெட்டியில திரும்பி வந்தா. நான் போக மாட்டேன். நீ செய்றியா, இல்ல இதோடயே வீட்டுக்குப் போகட்டுமா?"

போய்விடுவாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போனால் திரும்பி வரமாட்டாள்.

ஹெதர் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, பார்த்ததை வரிசையாகச் சொன்னாள். "காம்பு மெல்லிசா இருக்கா? அப்போ எடுத்துடும்மா," என்றது மறுமுனை.

"படுங்க. கையை நெஞ்சு மேல வெச்சுக்குங்க. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுறேன்."

"கட்டில் ஏன் இப்படி ஆடுது?" என்று சிரித்தாள் லோசலினே.

"உங்க சிரிப்புலதான் ஆடுது."

இடுக்கியால் காம்பைப் பிடித்தாள். ஒரே பக்கமாக மெல்லத் திருகினாள். இழுக்கக் கூடாது, திருக மட்டும்தான் வேண்டும். டாக்டர் பின்னால் நின்று நூறு முறை சொன்னது. இன்னும் ஒரு திருகு. சதை கழன்று இடுக்கியோடு வந்தது. பஞ்சை வைத்து அழுத்தினாள். ரத்தம் நின்றது.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் லோசலினே.

"முடிஞ்சே போச்சு!"

துணுக்கைச் சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினாள். "சோதனைக்கு அனுப்புறேன். முடிவு வந்ததும் சொல்றேன். இந்த மாதிரி சதை பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது."

லோசலினே பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இத்துனூண்டுக்கா என் புருஷன் படகுல குளிர்ல கிடந்தான்?"

"இப்போவாவது சொல்லுங்க. நீங்களும் டாக்டரும் ஒரு காலத்துல காதலிச்சீங்க, இல்லையா?"

லோசலினே வாயைப் பிளந்தாள். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள்.

"அடிப் பாவி! இதை வெளியே சொல்லிடாதே, எங்க பாதிரியார் மயங்கி விழுந்துடுவார். ஃபெலெட்டி என் கூடப் பிறந்த தம்பி! வயசுக்கு வந்த பிறகு அக்காவும் தம்பியும் ஒரே ரூம்ல உட்காரக்கூட மாட்டோம். அக்கா உடம்பைப் பத்தித் தம்பி காதுல ஒரு சொல் விழுந்தாலே இங்க அது அக்காவுக்கு அவமரியாதை. அதுக்குத்தான் பெண் நர்ஸ் ஒருத்தி வேணும்னு எழுதி எழுதி உன்னை வரவழைச்சு, விடாம பழக்கினான்."

பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, "நல்ல கைதான், வாங்கடி!" என்று அவள் குரல் கொடுத்தாள். அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஏழு பெண்கள் வேலியோரமிருந்து எழுந்து வந்தார்கள். ஏழு பேரும் டாக்டருக்கு அக்கா தங்கை முறை.