கொல்லையில் ரோமாபுரி

பாகலூர்ப் பக்கம் ரோமாபுரி வியாபாரி ஒருவரின் மாளிகை புதைந்திருப்பதாக நம்பி, மெட்ராஸிலிருந்து வந்த தொல்லியல் அதிகாரி சிதம்பரநாதன் செல்வம்மாள் வீட்டுக் கொல்லையைக் கூலியாள் கங்கப்பனை வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார். ஆழத்தில், வாய் மூடிய மண்பானை ஒன்று தட்டுப்பட்டது.

"கங்கப்பா, பாத்து எடு! ரெண்டாயிரம் வருஷத்துப் பொருள். மாளிகை இந்த வீட்டுக்கு அடியிலதான் இருக்கு. வீட்டை இடிக்க ஆர்டர் வாங்கிடறேன்."

செல்வம்மாளின் பெண் மாதேவி ஓடிவந்து பானையைக் கட்டிக்கொண்டாள்.

"தொறக்காதீங்க சார்! உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஏன், உள்ள என்ன இருக்கு?"

"சொல்ல மாட்டேன். அம்மா வரட்டும்."

"புதையலை மறைக்கிறியா? போலீஸைக் கூப்பிடவா?"

தோண்டிக்கொண்டிருந்த கங்கப்பன் சிரித்தான். "தங்கமா இருந்தா எனக்கும் ஒரு மோதரம் குடு பாப்பா."

சாயங்காலம் ஜூஜுவாடி ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த செல்வம்மாள், பானையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இதையா தோண்டினீங்க! இவ பொறந்தப்ப விழுந்த நஞ்சுக்கொடி சார் அது. நாய் கெளறக் கூடாதுன்னு பானையில போட்டு ஆழமாப் பொதைக்கச் சொன்னேன்."

மாதேவி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அதிகாரி கையைப் பேண்டில் துடைத்தார்.

"வீட்டை ஒண்ணும் பண்ண வேணாம். குழியை மூடு கங்கப்பா" என்றார் பெருமூச்சுடன். "ஆனா ரோமாபுரி மாளிகை கெடச்சாச்சுன்னு மத்தியானமே மெட்ராஸுக்குத் தந்தி அடிச்சுட்டேனேம்மா! இப்ப என்னன்னு சொல்றது?"

"தாயும் சேயும் நலம்னு இன்னொண்ணு அடிச்சுடுங்க சார்."