உளுந்தின் புண்ணியம்

"முப்பத்துநாலு," என்றார் டொக்டர் சாரங்கா, ரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன மாதம் இருபத்தாறு. வடிவா ஏறியிருக்கு, ஐயா."

பரமலிங்கம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் பாஸ் பண்ணிய முதல் சோதனை அது. பக்கத்தில் இருந்த மனைவி சிவலட்சுமியை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார்.

நாலு கிழமைக்கு முன் வவுனியாவில் இதே அறையில்தான் பெயிலானார். குடலில் புற்றுநோய்க் கட்டி. வெட்டி எடுக்க நாள் குறித்தபிறகு, ரத்தம் அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆல்புமின் என்ற புரதம் இருபத்தாறுதான்; அது காணாது. வெள்ளைக்கலக் கணக்கும் சரியில்லை. உடம்புக்குள் அழற்சி கூடிப்போயிருந்தது.

"கட்டியை வெட்டுறது என்ர வேலை. தைச்ச இடம் பொருந்துறது உங்கட ரத்தத்தின்ர வேலை. அதுக்கு இப்ப பலமில்லை," என்று சொல்லி, டொக்டர் மருந்தோடு ஒரு சாப்பாட்டுப் பட்டியலும் எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வரி: முட்டை, மீன்.

பரமலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டி, உடையார்கட்டு வரைக்கும் கூவி விற்றவர் அவர். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் புரதம் ஊட்டியவரின் ரத்தத்தில் புரதம் இல்லையாம். தண்ணி பவுசர் லொறி ஓட்டுகிறவன் தாகத்தில் மயங்கி விழுந்த கதை.

பன்னிரண்டு வருஷமாக அவர் மச்ச மாமிசம் தொடுவதில்லை. மகன் நிஷாந்தன் அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறியவன். போய்ச் சேர்ந்ததும் டெலிபோன் கோல் எடுக்கிறேன் என்றான். எடுக்கவில்லை. அவன் குரலைக் கேட்கும்வரை மீனும் முட்டையும் வாயில் வைப்பதில்லை என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

அந்தக் கதையை டொக்டருக்குச் சொல்லவில்லை. மரக்கறிக்காரன் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "சோயா, பயறு, உளுந்து. அவ்வளவுதான்," என்று சிவலட்சுமிக்குக் கட்டளை போட்டார்.

அன்றிலிருந்து காலையிலும் பின்னேரமும் உளுந்தங்கஞ்சி. பெரியபிள்ளையான பெட்டைக்குக் கொடுக்கிற சாமானை மீசை வைத்த கிழவன் கோப்பை கோப்பையாகக் குடித்தார். இனித் தனக்குச் சாறி கட்டித் தண்ணி வார்ப்பதுதான் பாக்கி என்று தெருவில் போறவர் வாறவருக்கெல்லாம் தானே சொல்லிச் சிரித்தார்.

இப்போது டொக்டர் தாளை மடித்து வைத்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை முட்டை சாப்பிட்டனீங்கள்?"

"முட்டையோ? ஒண்டும் இல்லை, டொக்டர். முழுக்க உளுந்து!" பரமலிங்கம் முன்னுக்குச் சாய்ந்தார். உளுந்தை எத்தனை மணித்தியாலம் ஊறவிட வேண்டும், தேங்காய்ப்பால் எப்போது விட வேண்டும் என்று, பத்து வருஷத்துக்கு மேல் மருத்துவம் படித்த பிள்ளைக்கு விளக்கமாகப் பாடம் எடுத்தார்.

டொக்டர் சிவலட்சுமியைப் பார்த்தார். சிவலட்சுமி கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். பிறகு திறந்தாள். பிறகும் மூடினாள்.

"சரி. வியாழக்கிழமை ஒப்பரேசன்," என்றார் டொக்டர். "இலக்கம் ஏறினதால எல்லாம் நல்லா முடியுமெண்டு சொல்ல ஏலாது. ஆனா இப்ப துணிஞ்சு வெட்டலாம்."

வெளியே நடைபாதை வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். சிவலட்சுமி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. கஞ்சிக்குள்ள முட்டை அடிச்சு ஊத்தினனான். முதல் நாளிலயிருந்து."

பரமலிங்கம் வாயைத் திறந்தார். கோபப்பட வேண்டிய இடம். மீசையைத் தடவிக்கொண்டார்.

"அவன் கோல் எடுத்தா நான் கதைக்கிறன்," என்றாள். "அப்பாக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் களவாக் குடுத்தனான் எண்டு சொல்லுறன். அம்மாளாச்சிக்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன். குத்தம் என்னோட."

அவள் குரல் உடையவில்லை. பலநாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொற்கள்.

"பன்னிரண்டு வருஷ நேர்த்தியைக் கெடுத்துப் போட்டீரே," என்றார் பரமலிங்கம். நாடகத்தில் வாயில்காப்போனாகக்கூட யாரும் சேர்க்காத குரல். அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. "சரி, விடும். தெரியாமல் குடிச்சதுக்கு அம்மாளாச்சி கோவிக்கமாட்டா."

சிவலட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கையை இழுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

கஞ்சி தொடங்கிய இரண்டாம் நாள் காலையே, கிணற்றடிக்குப் பின்னால் நாய் கிளறிப் போட்டிருந்த முட்டைக்கோதுகளை, அவள் எழும்பி வருமுன் பொறுக்கி வாழைக்குக் கீழே ஆழமாகக் குழி தோண்டித் தாட்டவர் அவர்தான். கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்து, கஞ்சியை ஒரே மூச்சில் குடித்து, வெறும் கோப்பையை அவளிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டவரும் அவர்தான்.