எங்கட வீட்டுக் கதவு

"கதவைப் படமெடுத்துப் போடுறதுக்கு ஒருத்தன், அதைப் பார்த்துக் கண்கலங்குறதுக்கு நீங்கள்! நல்ல சோடிதான்."

நான் சொன்னதுக்கு இவர் கொம்பியூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவேயில்லை.

"உமக்கு ரசனை இல்லை, ஞானேஸ்வரி" எண்டார்.

முழுப் பேரையும் சொன்னார் எண்டால் கோவம் எண்டு அர்த்தம். மற்றும்படி நான் 'ஞானம்'தான்.

2008ஆம் ஆண்டு. பிலிமத்தலாவையில எங்கட வீட்டுக்கு இன்டர்நெட் வந்து மூண்டு மாசம். வங்கியால வந்து தேத்தண்ணி குடிச்ச கையோட இவர் அதுக்கு முன்னால குந்திவிடுவார். ஊர் உலகத்தில ஆராரோ படமெடுத்துப் போடுற வலைப்பூக்கள். நோர்வேப் பனி, பிரேசில் சந்தை எண்டு சுத்தித் திரிஞ்ச மனுசன், ஒருநாள் எங்கட கண்டிப் பக்கத்தில ஒரு தமிழ்ப் பெடியன் நடத்துற வலைப்பூவைக் கண்டுபிடிச்சார். அண்டு தொடக்கம் நோர்வேயும் இல்லை, பிரேசிலும் இல்லை.

அந்தப் பெடியன் போடுறது முழுக்கக் கதவுகள். கலகெதரக் கடைக் கதவு, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்ட லயத்துக் கதவு, இப்பிடி. தன்ர பேர் போடமாட்டான். படத்துக்குக் கீழ ஊர் மட்டும் இருக்கும்.

பொய் சொல்லக்கூடாது, வடிவான படங்கள்தான். அந்த லயத்துக் கதவில வெயில் விழுந்து கிடந்த விதத்தைப் பார்த்து நானும் அடுப்பை மறந்து நிண்டிருக்கிறன். இவருக்கு அதைச் சொல்லயில்லை. சொன்னால் பிறகு ஆளைப் பிடிக்கேலாது.

படத்துக்குப் படம் இவர் கருத்து எழுதுவார். அதுவும் எப்பிடி? றேடியோவுக்குக் கடிதம் போடுற மாதிரி, கடைசியில 'சி. விவேகானந்தன், கோயில் ஒழுங்கை, பிலிமத்தலாவை' எண்டு விலாசமும் போட்டு!

"நாடு கிடக்கிற கிடையில விலாசமெல்லாம் என்னத்துக்கு?" எண்டு கேட்டன்.

"நல்லதைச் சொல்லுறதுக்கு ஏன் ஒளிக்கோணும்?"

'தம்பி, உங்கள் படங்களில் மனிதர் இல்லை. ஆனால் மனிதம் இருக்கிறது' எண்டு ஒருநாள் எழுதிப்போட்டு, அதை எனக்கு இரண்டு தரம் வாசிச்சும் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பெடியன் வந்து மணியடிச்சான். மெலிஞ்ச உடம்பு, தோளில ஒரு பை.

"ஐயா, நான் பேராதனைக் கம்பசில கடைசி வருசம். இருந்த வீட்டில எழும்பச் சொல்லிட்டினம். சோதனைக்கு ஆறு கிழமைதான் கிடக்கு. சண்டையால பாதையும் பூட்டு, ஊருக்கும் போகேலாது. உங்கட பின்பக்க அறை சும்மா கிடக்கெண்டு சந்திக் கடையில சொன்னவை. அது கிடைச்சால் சோதனையை எழுதிப்போடுவன்."

"அதுக்கென்ன தம்பி, இருங்கோ." இவர் கதிரையைக் காட்டினார். "சொந்த இடம் எது?"

"முல்லைத்தீவு, ஐயா."

இவற்ற முகம் மாறினதை நான் கண்டன்.

"அடையாள அட்டையிலயும் அப்பிடித்தான் கிடக்கோ?"

"ஓம் ஐயா."

"குறை நினைக்காதேங்கோ தம்பி. அறையில ஆரையும் வைச்சால் பொலிசில பதியோணும். முல்லைத்தீவெண்டால் புலியெண்டு சந்தேகப்பட்டு என்னையும் கூப்பிட்டுக் குடைவாங்கள். நான் வங்கியில ஒரு பொறுப்பான இடத்தில இருக்கிறன்..."

"விளங்குது, ஐயா."

ஒரு சொல்லுக் கெஞ்சயில்லை. நான் கொண்டுவந்த தேத்தண்ணியை எழும்பி நிண்டு குடிச்சிட்டு, "நல்ல தேத்தண்ணி, அன்ரி" எண்டு சொல்லி வெளிக்கிட்டான். இவர் கதவைச் சாத்தினார்.

யன்னலால பார்த்தன். வாசல் படலையடியில போனைக் கையில தூக்கி வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டான். ஆருக்கோ எடுக்கிறானாக்கும் எண்டு நினைச்சன். பாவமாத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள்ள ஒரு 'அப்பாடா'வும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேணும்.

திங்கட்கிழமை பின்னேரம் இவர் போட்ட கூச்சலில எனக்குக் கறி அடிப்பிடிச்சுப் போச்சு.

"ஞானம்! ஓடி வாரும்! எங்கட கதவு வந்திருக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தன். எங்கட கதவேதான். பொங்கலுக்குக் கட்டின மாவிலை காய்ஞ்சு தொங்கிறதும் தெரியுது. அட, எங்கட கதவு இவ்வளவு வடிவோ எண்டு எனக்கே பெருமையாப் போச்சு.

"ரொறன்ரோவில தங்கச்சியையும் பார்க்கச் சொல்லோணும்." இவர் போனைத் தூக்கிட்டார்.

"பொறுங்கோ, கீழ என்னவோ எழுதியெல்லோ இருக்கு."

வழமையா ஊர்ப் பேர் மட்டும் இருக்கிற இடத்தில இந்தமுறை ஒரு பந்தி இருந்தது. இவர் சத்தமா வாசிக்கத் தொடங்கினார்.

'என் படங்களுக்கு முதன்முதலில் கருத்து எழுதியவர் இந்த வீட்டில் இருக்கிறார். எனக்கு அறை தேவைப்பட்டபோது வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவர் எழுதிய விலாசத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். படமெடுப்பவன் நான்தான் என்று சொல்லி இடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. சொல்லாமலே கேட்டேன்...'

இவற்ற குரல் நிண்டுபோச்சு. மிச்சத்தை நான் வாசிச்சன்.

'அவருக்கு அவருடைய பயம். குறை சொல்லமாட்டேன். வேறு இடமும் கிடைக்கவில்லை. சோதனையை விட்டுவிட்டு, நாளைக் காலை வவுனியாவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறேன். இதுதான் கடைசிப் படம். இவ்வளவு நாளும் பார்த்தவர்களுக்கு நன்றி. கணபதி.'

திகதியைப் பார்த்தன். நேற்றுப் போட்டது.

 இவர் என்னட்டத் திரும்பினார்.

"இந்தப் பெடியன் தான் ஆரெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ஞானம்! சொல்லியிருந்தால் குடுத்திருப்பனே!"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒண்டா வந்தது.

"சொன்னவன்தானே" எண்டன். "முல்லைத்தீவெண்டு."