மிஸிஸ் ஹார்பரின் பியோனி

கேற் திறக்கிற சத்தம் கேட்டதும் இந்திரகுமார் எட்டிப் பார்த்தான்.

வீட்டுக்காரி மிஸிஸ் ஹார்பர் வந்துவிட்டாள். சொன்னதற்கு இரண்டு நாள் முன்னதாகவே!

மண்வெட்டியைக் கொட்டிலுக்குப் பின்னால் எறிந்தான். குப்பை எரிக்கிற தகர டிரம் மட்டும் பின்வளவில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதை எங்கே ஒளிப்பது?

ஸ்பிரிங்வேலில் இந்தப் பின்னறை கிடைப்பதற்கு முன் அவனும் மனைவி கமலினியும் ஏழு வீடு ஏறி இறங்கியிருந்தார்கள். ஏழிலும் இவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அறை வேறு ஆளுக்குப் போயிருந்தது. கமலினிக்கு இப்போது எட்டாம் மாதம்.

பெப்ரவரியில் பேர்த்துக்குப் போகும்போது மிஸிஸ் ஹார்பர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். செத்துப்போன புருஷன் ஜாக் நட்ட பியோனிச் செடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு எது பட்டுப்போனாலும் கவலையில்லை.

பார்த்துக்கொண்டான். யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை வளர்த்த கை. செவ்வரத்தை வருஷம் முழுக்கப் பச்சையாய் நிற்கும்.

இது ஏப்ரலில் சிவந்தது. மேயில் கறுத்தது. ஜூன் குளிரில் தண்டெல்லாம் சரிந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. எரு போட்டான். தண்ணீர் ஊற்றினான். ஒருநாள் கும்பிட்டும் பார்த்தான்.

நேற்றுத் தோண்டினான். மரவள்ளிக்கிழங்கு மாதிரிக் கொத்தாய் வேர். தலைப்பில் சிவப்புச் சிவப்பாய்க் கொப்புளங்கள்.

நோய். பக்கத்து ரோசாவுக்கும் தொற்றிவிடுமே என்று துண்டு துண்டாய் வெட்டி டிரம்மில் போட்டு, விறகை அடுக்கிக் கொளுத்தினான். குழியை இன்றுதான் மூடிச் சமப்படுத்தினான். சனிக்கிழமை அதே மாதிரி ஒன்று வாங்கி நட்டுவிடலாம் என்பது திட்டம்.

"உண்மையைச் சொல்லிப்போடுங்கோப்பா," கமலினி ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாள். "கலைச்சால் றோட்டில பிள்ளையைப் பெறுறன். அவ்வளவுதானே."

மிஸிஸ் ஹார்பர் பெட்டியைக்கூட வைக்காமல் நேரே பாத்திக்கு வந்தாள். வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் அவள் அவன் தோளைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. தண்டுகளை அடியோடு வெட்டி இவ்வளவு சுத்தமாய் வைத்திருக்கிறாயே, என் மகன்கூடச் செய்யமாட்டான் என்றாள். குளிர் வந்தால் இது மேலே செத்துக் கீழே தூங்கும். வேரின் தலையில் சிவப்பாய் முளைகள் காத்துக்கொண்டிருக்கும். செப்டம்பரில் மண்ணைக் கீறிக்கொண்டு வரும்.

முதல் பூ உன் பிள்ளைக்கு என்றாள்.

இந்திரகுமார் ஜன்னலைப் பார்த்தான். கமலினி கண்ணாலேயே 'சொல்லுங்கோ' என்றாள். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி மெதுவாக உட்கார்ந்தாள்.

அவன் வாயை மூடினான்.

மிஸிஸ் ஹார்பர் அப்போதுதான் டிரம்மைக் கண்டாள். முகம் மலர்ந்தது. விறகுச் சாம்பலா? ஜாக் ஒவ்வொரு குளிருக்கும் பியோனிக்கு அதைத்தான் போடுவார்!

அவன் ஒரு வாளி சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து குனிந்தான்.

முளைகளின் மேலே படாமல், சுற்றிவரப் போடு என்றாள்.

அவன் படாமல்தான் போட்டான்.