மேசைக்கும் ஒரு மாத்திரை

செவ்வாய், பிப்ரவரி 11. சூப்பர்வைசர் இரக்கப்பட்டு அக்காவுக்கு மக்னீசியம் மாத்திரை தருகிறார் என்று நேற்று எழுதியிருந்தேன். அது தவறு. மாலை எழுத்து வகுப்பில் ஆசிரியர் சொன்னபடி இன்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். சரியாக வருமா தெரியவில்லை.

எங்கள் தையல் ஆலையின் தகரக் கூரை ஓட்டை வழியே வெயில், அக்கா சோதித்து அடுக்கிய சட்டைகளின் மேல் காசளவு விழுகிறது. தையல் இயந்திரங்கள் இரைகின்றன. அக்கா நின்றபடியே ஒரு காலைத் தூக்கி, கெண்டைச் சதையை மேசைக் காலில் தேய்த்துக்கொண்டு காலர்களைத் திருப்புகிறாள். இரவெல்லாம் அவளைத் தூங்கவிடாத கால் அது. சூப்பர்வைசர் வெள்ளை டப்பாவைக் குலுக்கிக்கொண்டே வருகிறார். அவருக்குப் பின்னால், வெளியாட்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் இறக்கப்படும் ஸ்டூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டப்பட்டு, கூரையைத் தொடுகின்றன.

"இந்தாம்மா, மக்னீசியம். வலியும் போகும், தூக்கமும் வரும்."

"ஒரு மாசமா முழுங்குறேன் சார். அந்த ஸ்டூல்ல ஒண்ண இறக்கிக் குடுங்களேன்."

"நீ உக்காந்தா வேலையும் உக்காந்துரும்."

"அப்போ மாத்திரைய இந்த மேசைக்குக் குடுங்க. இதுவும் நாள் பூரா நின்னுக்கிட்டேதான் இருக்கு."

பொத்தான் தைக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை, மாத்திரையைச் சட்டைகளின் மேல் போட்டுவிட்டு நகர்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்து மேசையில் கத்தரியால் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டே இருக்கிறேன். அக்கா மாத்திரையை விழுங்கிவிட்டு மறு காலைத் தூக்குகிறாள்.

நாளை: மணி அடிக்கும் முன்பே போய், அந்தக் கயிற்றை அறுத்து, ஒரு ஸ்டூலை அக்காவின் மேசையருகே போட வேண்டும். கத்தரி என்னிடம் இருக்கிறது.