ஒரு விரல் உயரம்

இன்னும் ஒரு விரல் உயர்த்தி வைத்தால்தான் என்ன, தம்பி முகம் மலர்ந்துவிடுமே என்று நினைக்கிறாள் மெக்கானிக் அக்கா. படகு கரையில் டிரெய்லர்மேல் நிற்கிறது. ஓடும்போது, நீரைத் தள்ளும் விசிறியைத் தாங்கும் அதன் பின்புற டிரைவ் எதுவரை உயரலாம் என்பதை அவள்தான் முடிவுசெய்து தர வேண்டும். மேலே படகில் தம்பி பொத்தானை அழுத்த, பம்பு முனகுகிறது; டிரைவ் விசிறியோடு மெல்ல எழுகிறது. இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறாள். அசையவில்லை. இன்னும் ஒரு விரல் ஏறியதும் இருபுறமும் அணைத்திருந்த தாங்கிகளை விட்டு விலகி இடமும் வலமும் ஆடுகிறது. ஆடும் பல்லை நாக்கு அறிவதுபோல் அவள் உள்ளங்கை அதை அறிகிறது. “அங்கேயே வச்சுக் குடுக்கா. மத்தவன்லாம் இத தூக்கிக்கிட்டு, ஆழமில்லாத மணல்திட்டு மேலயே சவாரி போறான். நான் மட்டும் ஊரைச் சுத்திட்டு வரேன்.” “ஆடுதுடா. இந்த உயரத்துல வேகமா ஓட்டினா ஒடைஞ்சிடும்.” “குளிக்கவே கால நனைச்சுப் பாக்கறவ நீ! கொஞ்ச தூரம்தானேக்கா?” சிரிக்கிறான். சின்ன வயதிலிருந்து அந்தச் சிரிப்புக்கு அவள் மறுப்புச் சொன்னதில்லை. கயிற்றில் பயணிகளின் லைஃப் ஜாக்கெட்டுகள் காய்கின்றன. அவற்றில் சில மிகச் சிறியவை. “கீழ இறக்கு,” என்கிறாள். ஆட்டம் நிற்கும் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்கிறாள். அதற்குமேல் டிரைவை ஏறவிடாத எல்லை சுவிட்சை அங்கே பொருத்துகிறாள். “அக்கா…” என்கிறான், சிரிப்பில்லாமல். அவள் நிமிராமல் திருகாணியை இறுக்குகிறாள்.